தனியாகத் தாய்லாந்து போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

பத்து ஆண்டுகளில் ஏழு முறை தாய்லாந்து போய்வந்திருக்கிறேன். அவற்றில் ஐந்து முறை பயண ஏற்பாட்டாளர் யாரும் இல்லாமல், தனியாக. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிலிருந்து எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வரை யார் கிளம்பினாலும் என்னிடம் ஒரு முறை பேசிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தாய்லாந்து ஆபத்தான நாடா அக்கா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

இல்லை. கத்தியைக் காட்டிப் பறிப்பது, வழிமறித்து அடிப்பது போன்றவை வெளிநாட்டுப் பயணிகளுக்கு அங்கே அரிதாகவே நடக்கின்றன. இரவு பத்து மணிக்கும் பாங்காக் தெருவோரக் கடைகளில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நம்மவர்களுக்கு அங்கே உண்மையில் கேடு வருவது மூன்று வழிகளில்: சாலை, கடல், இனிக்கப் பேசி ஏமாற்றும் மனிதர்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த மூன்றைப் பற்றித்தான்.

இரண்டு பகுதிகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மலேசிய எல்லையை ஒட்டிய பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் 2004 முதல் ஆயுதக் கிளர்ச்சி நடந்துவருகிறது. கம்போடிய எல்லையில் 2025 ஜூலையில் இரு நாட்டு ராணுவங்களும் மோதிக்கொண்டு, பல்லாயிரம் பேர் ஊரைக் காலி செய்ய நேர்ந்தது. எல்லைப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அந்த வாரத்து இந்தியத் தூதரக அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

கிளம்பும் முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

முதலில் வருகை அட்டை. 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லாரும் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இதற்குக் கட்டணமே கிடையாது. ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் கேட்கும் போலித் தளங்களாக இருக்கலாம். அரசுத் தளத்தின் முகவரியில் 'கோ டாட் டிஎச்' (go.th) என்ற பகுதி இருக்கும். அது இல்லாத இடத்தில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள். விசா விதிகளையும் டிக்கெட் போடும் நாளில் தூதரகத் தளத்தில் பாருங்கள். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் நுழைய அனுமதி வந்தது. அதன் பின் நாட்கணக்கு மாறியது. போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னார் என்பது போதாது.

பிறகு வங்கி. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் திறந்து, வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வருவது இந்திய எண்ணுக்கு என்பதால் அந்த சிம்மில் ரோமிங் வேலை செய்கிறதா என்று ஊரிலேயே உறுதி செய்யுங்கள். அங்கே போய்ப் புது சிம் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றி வைத்தவர்கள், அவசரத்துக்குப் பணம் அனுப்ப முடியாமல் தவித்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஒரு தாள். பாஸ்போர்ட் எண், தங்கும் விடுதியின் பெயரும் தொலைபேசியும், காப்பீட்டு எண், வீட்டில் இருவருடைய எண்கள், இவற்றுடன் 1155 (சுற்றுலாப் போலீஸ்), 191 (போலீஸ்), 1669 (ஆம்புலன்ஸ்) ஆகியவற்றைப் பேனாவால் எழுதி உள் பாக்கெட்டில் வையுங்கள். போன் தொலைந்த அன்று உங்கள் அம்மாவின் எண்ணாவது மனப்பாடமாகத் தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

தனியாகப் போனால் குடிவரவில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்களாமே?

திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, செலவுக்குப் பணம், இந்த மூன்றையும் கேட்பதுண்டு. 20,000 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுக்குப் பணம் காட்டச் சொல்லிக் கேட்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுற்றிப் பார்க்க வந்தவர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்வதில் தயங்க எதுவும் இல்லை. வேலைக்காகப் போகிறவராக இருந்தால் கீழே அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. தயவுசெய்து அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு பதினொரு மணிக்கு இறங்குகிறேன். விடுதிக்கு எப்படிப் போவது?

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைத்தளத்துக்கு வெளியே டாக்சி வரிசை இருக்கிறது. அங்குள்ள இயந்திரம் ஒரு சீட்டுத் தரும். அதில் உள்ள எண்ணில் நிற்கும் டாக்சிதான் உங்களுடையது. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50 பாட், விரைவுச் சாலையில் போனால் அதன் சுங்கமும் நம்முடையது. சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சண்டை வந்தாலோ பொருளை விட்டுவிட்டு இறங்கினாலோ அந்தச் சீட்டுத்தான் பிடி. நள்ளிரவு வரை நகர ரயிலும் ஓடுகிறது. உள்ளே வந்து 'டாக்சி, டாக்சி' என்று தோளைத் தொடுகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஒரு சிறிய ஏற்பாடு: விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய்லாந்து எழுத்தில் படமாகப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய முகவரியைப் படிக்கத் தெரியாத ஓட்டுநர்கள் நிறைய. இரவு நேரத்தில், தெரியாத ஊரில், ஓட்டுநரும் நீங்களும் ஒரே இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிவது எவ்வளவு ஆறுதல் என்பது அப்போதுதான் புரியும்.

அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?

நம்பக் கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற ஏமாற்றுகள் பலவும் இதன் வார்ப்பில்தான் இருக்கின்றன.

என் முதல் பயணத்தில் பெரிய அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணி. இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர், 'இந்தியாவா? எந்த ஊர்?' என்று கேட்டார். சொன்னேன். மகளைப் பற்றிப் பேசுவது போல அன்பாக, 'இப்போது உள்ளே பிக்குகளின் பூஜை நடக்கிறது, வெளிநாட்டவருக்கு ஒரு மணிக்குமேல்தான் அனுமதி' என்றார். என் கையில் இருந்த வரைபடத்தை வாங்கி, நின்ற கோலப் புத்தர் கோயில் ஒன்றைப் பேனாவால் வட்டமிட்டார். அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம்: 'அரசு ரத்தினக் கண்காட்சி. இன்றுதான் கடைசி நாள்.' கை தட்டினார். ஒரு டுக்-டுக் (அந்த ஊர் ஆட்டோ) வந்து நின்றது. எல்லா இடத்துக்கும் சேர்த்து 20 பாட் என்றார். மூன்று மணி நேரச் சவாரிக்கு ஒரு தேநீர் விலை! அந்த விலைதான் என்னைத் தடுத்தது. நன்றி சொல்லிவிட்டு மதிலோரமாகவே இருநூறு அடி நடந்தேன். வாயில் திறந்திருந்தது. கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஏறியிருந்தால் ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அங்கே விற்கும் கற்களை ஊரில் விற்றால் பல மடங்கு லாபம் என்பார்கள். தாய்லாந்தில் அரசு நடத்தும் ரத்தினக் கடை என்று ஒன்று கிடையாது. அரண்மனை வழக்கமாகக் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும். மூடியிருந்தால் அதை டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் சொல்லட்டும். இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: அவராக வந்து பேசினார், நான் நினைத்த வழியை அடைத்தார், வேறு வழி காட்டினார், 'இன்றே கடைசி' என்று என்னை விரட்டினார். இந்த நான்கும் ஒன்றாக வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வழி கேட்க வேண்டுமானால், நீங்களாகப் போய் ஒரு கடைக்காரரிடம் கேளுங்கள். தாமாக வந்து பேசுகிற எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் குடை கொடுத்துவிட்டு நனைந்தபடி போன பெண்மணியும் அந்த ஊர்க்காரர்தான்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? ஊரில் தினமும் ஓட்டுகிறேனே!

தாய்லாந்துப் பயணத்தில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். சாலை விபத்தில் உயிரிழப்போர் விகிதம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. இறப்பவர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள். நம் ஊரைப் போல இடப்புறம்தான் ஓட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் புக்கெட், சமுய் தீவுகள், வடக்கே 'பை' என்ற மலையூர் போன்ற இடங்களில் மலைத் திருப்பங்களும், மணல் படிந்த வளைவுகளும், திடீர் மழையும் இருக்கும். ஊரில் நாற்பதில் ஓட்டிப் பழகிய கை அங்கே எண்பதில் போகும் வண்டிகளுக்கு நடுவே தடுமாறும்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமம் மோட்டார் சைக்கிளுக்கு உரியதாக இருக்க வேண்டும். அதோடு ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், அது ஓராண்டு செல்லும். வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். ஆனால் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் உங்கள் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படியே. தனியார் மருத்துவமனைகளில் முன்பணம் கட்டாமல் அறுவைச் சிகிச்சை தொடங்குவது கடினம். ஊரெல்லாம் கடன் திரட்டி ஒருவரை ஊருக்குக் கொண்டுவந்த குடும்பத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். பழைய கீறலைக் காட்டி, 'இதை நீதான் போட்டாய், பதினைந்தாயிரம் பாட் கொடு' என்பார்கள். பாஸ்போர்ட் அவர்கள் மேசைக்குள் இருக்கும். பணத்தை முன்பணமாகவும் பாஸ்போர்ட்டின் நகலையும் ஏற்கும் கடையைத் தேடுங்கள். வண்டியை எடுக்கும் முன் கடைக்காரர் கண் முன்னாலேயே சுற்றி நடந்து வீடியோ எடுங்கள்: கண்ணாடியின் விளிம்பு, சைலன்சர், சக்கரத்தின் வளையம், இருக்கைக்கு அடியில். மூன்றாவது, பட்டை ஒழுங்காகப் பூட்டும் தலைக்கவசம். ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருகிறவருக்கும்.

கடற்கரையில் ஜெட் ஸ்கீ?

வேண்டாம் என்பேன். பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் புகார், மேலே சொன்ன கீறல் கதைதான். அடிப்பகுதியில் இருப்பதால் வாங்கும்போது கண்ணில் படாது. நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டால் அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாமல் 1155-ஐ அழையுங்கள். அழைக்கப் போகிறேன் என்று சொன்னதும் தொகை குறைவதைக் கண்டிருக்கிறேன்.

நீச்சல் அரைகுறையாகத் தெரியும். தீவுகளுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் பருவம் பார்த்து. புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; அலை பெரிது, அடியில் இழுப்பு அதிகம். சமுய் இருக்கும் வளைகுடாப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள். நீல வானம், மென்மையான மணல், பத்தடி தள்ளி யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள், அப்படியும் இறங்காதீர்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் மூச்சு முட்டிவிடும். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு உடையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உடம்பில் மாட்டிப் பட்டையைப் பூட்டுங்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயல் எச்சரிக்கையையும் மீறிப் போன பீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். கட்டிய பணம் போகட்டும், வானம் கறுத்திருந்தால் ஏறாதீர்கள்.

இன்னொன்று, சமுய், பங்கான் தீவுகளின் கரைகளில் சில மாதங்களில் பெட்டி வடிவ ஜெல்லி மீன்கள் வரும். நம் கடற்கரைக்காரர்கள் சொறி என்று சொல்லும் இனத்தில் இது கொடிய வகை. நிமிடங்களில் உயிரை எடுக்கக் கூடியது. கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்குவதைப் பார்க்கலாம். பட்ட இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை ஊற்றிக்கொண்டே 1669-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பணத்தை எப்படி வைத்துக்கொள்வது?

மூன்றாகப் பிரித்து: அன்றைய செலவு பர்சில், கொஞ்சம் உள் பாக்கெட்டில், மீதி விடுதிப் பெட்டகத்தில். இரண்டு கார்டுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் கட்டணம் போகும் என்பதால் சிறுசிறு தொகையாக எடுக்க வேண்டாம். திரையில் 'ரூபாயில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் நமக்கு நட்டம்.

இரவு நேரத் தனியார் சுற்றுலா பஸ்களில் அடியில் வைக்கும் பெட்டியிலிருந்து பணமும் மின்னணுப் பொருட்களும் காணாமல் போன கதைகள் உண்டு. மதிப்புள்ளதை மடியில் வையுங்கள். முடிந்தால் அரசு பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியைப் பிடியுங்கள்: வடக்கே போக மோ சிட், கிழக்கே போக ஏக்கமாய்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வேனா?

மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். சில நாட்கள் அலைய வேண்டியிருக்கும். முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். பிறகு பாங்காக்கில் சுகும்வித் 23-ஆம் சந்தில் இருக்கும் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள்; வடக்கே இருந்தால் சியாங் மாயில் துணைத் தூதரகம் இருக்கிறது. உடனே ஊர் திரும்ப வேண்டுமென்றால் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் தருவார்கள். புறப்படும் முன் உங்கள் நுழைவு விவரத்தைத் தாய்லாந்துக் குடிவரவு அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் விமான நிலையத்தில் சிக்கல். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களும் நுழைவு முத்திரைப் பக்கமும் மின்னஞ்சலில் படமாக இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். இறங்கிய அன்றே முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நான் பெண். தனியாகப் போகலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

போகலாம். நம் ஊரில் மாலை ஏழு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது முதுகில் உணரும் பார்வையை பாங்காக்கில் நான் பெரும்பாலும் உணர்ந்ததில்லை. அங்கே கடை நடத்துவதும் சமைப்பதும் சந்தையை ஆள்வதும் பெண்கள்தான். தெருவில் பெண் இருப்பது அங்கே இயல்பு. பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்குப் போகும் இரவு விரைவு ரயிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான படுக்கைப் பெட்டி உண்டு. 2014-இல் இரவு ரயிலில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. ரயிலில் மது அருந்துவதையும் அப்போது தடை செய்தார்கள்.

ஆனாலும் நான் கடைப்பிடிப்பவை: அறை எண்ணை உரக்கச் சொல்லும் விடுதி ஊழியரிடம் தாளில் எழுதித் தரச் சொல்வேன். தரைத்தளத்து அறை வேண்டாம் என்பேன். செயலியில் வண்டி கூப்பிட்டு, எண் பலகையைப் பார்த்தே ஏறுவேன். பயணத்தை வீட்டுக்குப் பகிர்வேன். திறந்த கோப்பையை மேசையில் விட்டு எழுந்தால் திரும்பி வந்து அதைக் குடிப்பதில்லை. யாராவது பின்தொடர்வது போலத் தோன்றினால் நேராக ஒரு செவன் லெவன் கடைக்குள் போய்விடுவேன். இரவு முழுதும் திறந்திருக்கும், வெளிச்சமும் கேமராவும் ஆளும் இருக்கும், ஏறக்குறைய ஒவ்வொரு முனையிலும் ஒன்று உண்டு. ஒரே ஒரு முறை, சியாங் மாயில், அப்படி உள்ளே போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, என் வண்டி வரும் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மது விஷயத்தில் என்ன கவனம்?

மூடி உடைக்காத பாட்டிலில் வருவதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோசின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாகக் கொடுக்கும் கோப்பையும் வாளியில் கலந்து தரும் மதுவும் இதே ஆபத்து உள்ளவை.

சைவம் கிடைக்குமா? சாப்பாட்டால் உடம்பு கெடுமா?

'ஜே' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத உணவுக்கு அதுதான் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இருக்கும். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தாய்லாந்து மொழியில் எழுதிக் காட்டுங்கள். வீட்டு நினைவு வாட்டினால் பாங்காக் சிலோம் பகுதியில் நம் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மகாமாரியம்மன் கோயிலுக்கு ஒரு மாலை போய்வாருங்கள்.

நாயோ குரங்கோ கடித்துவிட்டால்? சின்னக் கீறல்தானே என்று விடலாமா?

விடவே கூடாது. ரேபிஸ் வந்த பிறகு மருந்தில்லை. லோப்புரியிலும் பீபீ தீவின் குரங்குக் கரையிலும் சிரித்துக்கொண்டே வாழைப்பழம் நீட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே தடுப்பூசி தொடங்குங்கள். பாங்காக்கில் ராமா 4 சாலையில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் குயீன் சவோவபா நினைவு நிறுவனம் இதற்கென்றே பேர்போன இடம். எந்த மருந்து, எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொண்டால் மீதி ஊசிகளை ஊரில் போட்டுக்கொள்ளலாம். இதற்காகப் பயணத்தை முறிக்க வேண்டியதில்லை. ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

தெரியாமல் சட்டத்தை மீறி ஜெயிலுக்குப் போகும் வாய்ப்பு உண்டா?

உண்டு, நான்கைந்து இடங்களில். மின்சிகரெட் அங்கே தடை செய்யப்பட்டது. கடைகளில் மறைவாக விற்பதைப் பார்த்து அனுமதி உண்டென்று நினைக்காதீர்கள். அரச குடும்பத்தை இழிவுபடுத்தினால் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. மன்னர் படம் உள்ள பாட் நோட்டைக் காலால் மிதித்து நிறுத்துவதுகூட அங்கே பெரிய அவமதிப்பு. பழைய புத்தர் சிலைகளை நுண்கலைத் துறை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.

விசா நாள் கடந்தால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். தொண்ணூறு நாளுக்கு மேல் கடக்காமல், நீங்களாக விமான நிலையத்தில் கட்டினால் அதோடு போகும். நடுவில் போலீசிடம் பிடிபட்டால் ஓராண்டுக்குள் இருந்தாலும் ஐந்தாண்டு நுழைவுத் தடை. கஞ்சாவை 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பக் கட்டுப்படுத்தினார்கள். கடைகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன என்பதால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் சென்னையில் இறங்கும்போது நம் நாட்டுச் சட்டம் காத்திருக்கும்.

போலீஸ்காரரே பையைச் சோதித்துவிட்டுப் பணம் கேட்டால்?

வெளிச்சமுள்ள, ஆட்கள் நடமாடும் இடத்தில் நில்லுங்கள். பையை அவர்கள் கையில் கொடுத்துவிடாமல், நீங்களே திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். குரலை உயர்த்தாதீர்கள்; அந்த ஊரில் கூச்சலிட்டவர் பக்கம் நியாயம் இருந்தாலும் யாரும் உதவ வர மாட்டார்கள். தவறு செய்யவில்லையென்றால், 'காவல் நிலையத்தில் ரசீதோடு கட்டுகிறேன், 1155-இல் பேசிவிடலாமா?' என்று மெதுவாகக் கேளுங்கள். அரண்மனை வாசலில் சொன்னதுதான் இங்கும்: உங்களை விரட்டுகிறவரோடு சேர்ந்து ஓட வேண்டாம்.

திரும்பும்போது ஒருவர் ஒரு சின்னப் பார்சல் கொண்டுபோகச் சொல்கிறார். நம்மூர்க்காரர்தான். மறுப்பது நன்றாக இருக்காதே?

மறுத்துவிடுங்கள், முகத்துக்கு நேராக. இந்த வேலைக்கு நம் ஊரில் 'குருவி' என்று பெயரே இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் தங்கமும் உயர்ரகக் கஞ்சாவும் உயிருள்ள அரிய குரங்கு, ஆமை, பாம்புகளும் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடுகிறவர் கொடுத்தவர் அல்ல, சுமந்தவர். இலவச டிக்கெட், கைச்செலவுக்கு இருபதாயிரம், ஒரு பெட்டி மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். பால் பவுடர், சாக்லேட் என்று சொன்னாலும், உறை பிரிக்காததாக இருந்தாலும், வேண்டாம். என் பெட்டியை நானே அடுக்குவேன், அடுக்கிய பிறகு பூட்டுவேன், பூட்டிய பிறகு யாரிடமும் விட மாட்டேன்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஒரு லட்சம், டூரிஸ்டாக வந்துவிடு என்கிறார்கள். போகட்டுமா தம்பி?

இதை என் தம்பியிடம் ஒரு தந்தை தன் மகனுக்காகக் கேட்டார். தம்பி என்னிடம் அழைத்து வந்தான். அவர் கையில் அச்சடித்த நியமனக் கடிதம் இருந்தது. நிறுவன முகவரி பாங்காக். விமான டிக்கெட்டும் பாங்காக்குக்குத்தான். ஆனால் 'தங்குமிடம்' என்ற இடத்தில் மே சோட் என்று போட்டிருந்தது. வரைபடத்தைத் திறந்து காட்டினேன். மே சோட் தாய்லாந்தின் மேற்கு எல்லை. பக்கத்தில் மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவடி.

அந்த ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய், மதிலும் முள்வேலியும் சூழ்ந்த வளாகங்களில் அடைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலை செய்ய வைக்கிறார்கள். மறுத்தால் அடி, மின்சாரம், பட்டினி. 2022-இல் அங்கே சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து விமானப் படை விமானங்களில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை அரசு அழைத்து வந்தது. சுற்றுலா அனுமதியில் நுழைந்து வேலை செய்வது சட்டப்படி குற்றம் என்பதால், 'டூரிஸ்டாக வா' என்று சொல்லும் நிறுவனம் அந்த ஒரு வாக்கியத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவான முகவரா என்று பாருங்கள். பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கு நியமனக் கடிதத்தை அனுப்பி விசாரியுங்கள். அந்தத் தந்தை மகனை அனுப்பவில்லை.

மகள் தனியாகப் போயிருக்கிறாள். ஒரு நாளாகப் போன் எடுக்கவில்லை. நான் இங்கிருந்து என்ன செய்வது?

கடைசியாக எப்போது, எங்கிருந்து பேசினாள் என்பதை எழுதுங்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. நீங்கள் இரவு பதினொன்றுக்கு அழைக்கும்போது அங்கே பன்னிரண்டரை. முதலில் விடுதிக்கு அழைத்து, அறையில் பெட்டி இருக்கிறதா, கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் இங்கேயே பதில் கிடைத்துவிடும்: போன் தண்ணீரில் விழுந்திருக்கும், தீவில் சிக்னல் இருந்திருக்காது. கிடைக்கவில்லையென்றால் பாங்காக் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணுக்கு அழையுங்கள், வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையத் தளத்தில் புகாரைப் பதியுங்கள். பாஸ்போர்ட் எண்ணும் நுழைவு முத்திரைப் படமும் கேட்பார்கள். அதனால்தான் இரண்டாவது கேள்வியில் சொன்ன தாளின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும் என்கிறேன்.

கிளம்பும் முன்பே இருவரும் பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் அம்மாவும் இந்திய நேரம் இரவு எட்டு மணி என்று வைத்திருந்தோம். பேச முடியாத நாளில் ஒரே ஒரு சொல், 'சாப்பிட்டேன்.' அது வராமல் மறுநாள் காலை பத்து மணி ஆனால் விடுதிக்கு அழைக்கலாம் என்பது ஒப்பந்தம். எல்லாப் பயணங்களையும் சேர்த்து ஒரே ஒரு முறை அம்மா அழைத்தார். சமுய் தீவில் மின்சாரம் போய்விட்ட நாள் அது. வரவேற்பறைப் பையன் மெழுகுவர்த்தியோடு வந்து கதவைத் தட்டி, 'உங்கள் அம்மா' என்று அவனுடைய போனை நீட்டினான்.